ஆராய்ச்சியும் மெய்ப்பாடே: குறும்படம் காண்போர் உள்ளநிலை பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

ஆடலும் பாடலும் கண்டார்க்கும் கேட்டார்க்கும் உண்டாகும் உள்ள நிகழ்ச்சியை ஆராய்தல் தமிழ் இலக்கண நூலார்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் அதற்கென்றே அமைந்தது. அவ்வியலின் முதல் நூற்பா 'பண்ணை' என்னும் சொல்லைக் கொண்டு தொடங்குகின்றது. முடியுடை வேந்தரும் குறுநில மன்னரும் ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் இன்புறும் விளையாட்டிடம் அது என்பது பேராசிரியர் உரையாற் பெறப்படும். எனவே, மெய்ப்பாடு பற்றிய பேச்சு, காண்போர் கூட்டத்தை முன்னிறுத்தியே எழுந்தது என்பது தெளிவு.

இன்று அப்பண்ணை இடம் மாறிவிட்டது. அரசவையில் நிகழ்ந்த காட்சி திரையரங்கிற்கு வந்தது. அங்கிருந்து ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் யூடியூப் தளத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்ட காணொளி பத்தொன்பது நொடி அளவினது. ஒருவர் விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று சில சொற்கள் பேசுவதன்றி வேறொன்றும் அதில் இல்லை. இன்றோ, போர், வறுமை, சாதிக்கொடுமை, முதுமை, தனிமை ஆகிய எப்பொருள் பற்றியும் சிந்தனையைத் தூண்டும் குறும்படங்களும் காணொளிகளும் இணையத்தில் நாள்தோறும் வெளிவருகின்றன. வகுப்பறைகளிலும் அவை காட்டப்பெறுகின்றன. கண்டவர், கண்ணீரின் ஈரம் உலருமுன்னே, தம் கருத்தை எழுதி வெளியிட்டு விடுகின்றனர். அக்கருத்துகளைத் தொகுத்து எண்ணி ஆய்வேடு எழுதுவோரும் உளர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஒரு குறும்படத்தைக் கண்டவுடன் நம் உள்ளத்தே எழும் அசைவு, அப்படத்தை நாம் உணர்ந்துகொண்டமைக்குச் சான்றாகுமா? அழுதவர் எல்லாரும் பொருளை அறிந்தவர் ஆவரா? சினந்தவர் எல்லாரும் நீதியின் பக்கம் நிற்பவர் ஆவரா? இவ்வினாவை மெய்ப்பாட்டியல் தரும் ஒளியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்ப்பாட்டின் இரு தொகுதி

மெய்ப்பாடு பிறக்கும் முறையை உரையாசிரியர்கள் நான்கு படியாகப் பகுத்துக் காண்பர். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அப்பொருளைப் பொறிவழியாக நுகரும் உணர்வு ஒன்று. அது மனத்திற் பட்டவழித் தோன்றும் குறிப்பு ஒன்று. அக்குறிப்பினால் கண்ணீர் அரும்புதலும் மயிர் சிலிர்த்தலும் போல உடம்பின்கண் வெளிப்படும் விறல் ஒன்று. இவற்றுள் பொருள் காண்போனுக்குப் புறத்தே உள்ளது. ஏனைய மூன்றும் அவனிடத்தே உள்ளன. வேம்பின் கைப்பு வேம்பில் மட்டும் இல்லை, நாவில் மட்டும் இல்லை. இரண்டும் கூடிய இடத்தே அது பிறக்கின்றது. ஆகவே ஒருவர் 'இப்படம் துயரமானது' என்று கூறும்போது, படத்தைப் பற்றிய செய்தி ஒன்றும் தம்மைப் பற்றிய செய்தி ஒன்றும் பிரிக்கலாகாவண்ணம் கலந்து வருகின்றன. அவற்றைப் பிரித்துக் காண்பதே ஆராய்வோன் முதற்கடமை ஆகும்.

தொல்காப்பியர் நகையும் அழுகையும், இளிவரலும் மருட்கையும், அச்சமும் பெருமிதமும், வெகுளியும் உவகையும் என மெய்ப்பாடு எட்டினை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நந்நான்கு எனக் காட்டினார். கற்போர் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் ஆசிரியர் அங்கு நின்றாரல்லர். இவ்வெட்டின் வேறாக மேலும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளைப் பிறிதொரு நூற்பாவில் தொகுத்தார். அன்பு, நாணுதல், பொறாமை, நடுக்கு போல்வன அவற்றுட் சில. அவற்றிடையே நடுவுநிலை, நினைதல், கருதல், ஆராய்ச்சி, விரைவு, பொச்சாப்பு, ஐயம் என்பனவும் இடம்பெற்றுள்ளன.

இவ்விடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உணர்ச்சி ஒருபால், அறிவு ஒருபால் எனப் பிரித்து, முன்னதை மெய்ப்பாட்டிற்கும் பின்னதை அளவை நூலுக்கும் ஒதுக்கிவிடும் வழக்கம் தொல்காப்பியர்க்கு இல்லை. ஐயுறுதலும் ஆராய்தலும் அவர்க்கு மெய்ப்பாடுகளே. ஒரு பொருளைக் குறித்துத் தன்னுள் ஆராய்வானது நிலையும் பிறர்க்குப் புலனாவதே. அவன் பேச்சு ஓய்கின்றது, பார்வை ஓரிடத்து நிற்கின்றது, கை செய்தொழிலை மறக்கின்றது. அழுதவன் கண்ணீர் எவ்வாறு மெய்ப்பாடோ அவ்வாறே இவன் அமைதியும் மெய்ப்பாடு. சிந்தனையைத் தூண்டும் குறும்படம் எனப்படுவது, முதல் தொகுதியில் உள்ள ஒன்றினைத் தொட்டு எழுப்பி, அங்கேயே நம்மை விட்டுவிடாது, ஐயத்திற்கும் ஆராய்ச்சிக்கும் கொண்டு செலுத்துவது என்று யாம் வரையறுப்போம். இவ்வரையறை பொருந்துமாற்றை இனிக் காண்போம்.

காண்போர் கூட்டுவன

1944ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்னும் உளநூலார் இருவர் மிகச் சிறிய படம் ஒன்றைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். அப்படத்தில் மாந்தர் இல்லை, சொல் இல்லை. பெரிய முக்கோணம் ஒன்று, சிறிய முக்கோணம் ஒன்று, சிறு வட்டம் ஒன்று, கதவு போலத் திறந்து மூடும் பகுதியுடைய கட்டம் ஒன்று ஆகிய இவ்வளவே உள்ளன. அவ்வடிவங்கள் அங்குமிங்கும் அசைகின்றன. கண்டதை எழுதுக என்று மட்டும் சொல்லி முப்பத்துநான்கு கல்லூரி மாணவியர்க்கு இது காட்டப்பட்டது. வடிவங்களின் அசைவாக மட்டுமே அதனை எழுதியவர் ஒருவரே. ஏனையோர் எல்லாரும் கதை எழுதினர். பெரிய முக்கோணம் வன்கண்மை உடையது எனவும், வட்டம் அஞ்சி ஒளிகின்றது எனவும், சிறிய முக்கோணம் அதனைக் காக்க வந்தது எனவும் கண்டார் பலர்.

இக்கதைகள் படத்தில் இல்லை. படத்தின் அசைவு அவற்றைத் தூண்டிற்று, காண்போர் உள்ளம் அவற்றைப் படைத்தது. இதனைக் குறை என்று கொள்ளுதல் கூடாது. இவ்வாறு கூட்டிக் காணும் ஆற்றல் இல்லையேல் நாடகமும் இல்லை, கதையும் இல்லை. ஆயினும் நாம் கூட்டியது எது, படத்தில் இருந்தது எது என்னும் வேறுபாட்டை மறந்துவிடின், முக்கோணத்தைக் கொடியவன் என்று வைதுகொண்டிருப்போம்.

இதனோடு ஒத்த செய்தி ஒன்று உருசியத் திரைக்கலை வரலாற்றில் உண்டு. லெவ் குலெஷோவ் என்னும் இயக்குநர், மொசூகின் என்னும் நடிகரின் உணர்ச்சி வெளிப்படாத முகக்காட்சி ஒன்றை எடுத்து, அதனை ஒரு வட்டில் கஞ்சியோடும், சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், பொம்மை கொண்டு விளையாடும் சிறுமியோடும் மாறிமாறி இணைத்துக் காட்டினார் என்றும், கண்டவர்கள் ஒரே முகத்தில் பசியும் துயரமும் மகிழ்ச்சியும் கண்டு அந்நடிகரின் திறத்தை வியந்தனர் என்றும் புதோவ்கின் எழுதியுள்ளார். இச்செய்தியையும் ஆராயாது கொள்ளுதல் தகாது. அப்படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. 1992ஆம் ஆண்டில் பிரின்ஸ், ஹென்ஸ்லி என்னும் ஆய்வாளர் இருவர் அம்முறையை மீண்டும் செய்து பார்த்தபோது அத்தகைய விளைவு அவர்க்குக் கிட்டவில்லை. பிற்காலத்து ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு கிட்டியது. காட்சிகளின் இணைப்பு நம் உணர்வை மாற்றவல்லது என்பது உண்மையே. ஆயினும் நூல்தோறும் எழுதப்படும் கதை அவ்வளவு முழுமையாக நிலைநாட்டப்பட்டதன்று. திரைப்படம் பற்றிய கதைகளிலும் நாம் கூட்டிக் காண்பது உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

காண்போர் காணாதன

கூட்டிக் காண்பது ஒருபுறம் இருக்க, கண்முன் உள்ளதைக் காணாது விடுதலும் உண்டு. 1999ஆம் ஆண்டில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர் பெற்றது. அவர்தம் காணொளியில் வெள்ளைச் சட்டை அணிந்தோரும் கருஞ்சட்டை அணிந்தோரும் பந்தைக் கைமாற்றி ஆடுகின்றனர். ஓர் அணியினர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகின்றனர் என்று எண்ணுமாறு காண்போர்க்குப் பணி தரப்பட்டது. ஆட்டத்தின் நடுவே, கொரில்லாக் குரங்கின் உருப்புனைந்த ஒருவர் சில நொடிகள் அவர்களிடையே நடந்து செல்கின்றார். கண்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வுருவைக் காணவே இல்லை. பின்னர்ச் சொல்லியபோது, அவ்வாறு ஒன்று நிகழ்ந்திராது என்று வியந்தோரும் உளர்.

காணாதார் கண்ணொளி குன்றியவர் அல்லர். சொல்லின், தரப்பட்ட பணியைச் செவ்வையாகச் செய்தவர்கள் அவர்கள். கவனம் ஓரிடத்து ஊன்றியபோது பிறிதிடம் இருள்வது உள்ளத்தின் இயல்பு. இங்கு நாம் கொள்ளத்தக்க கருத்து யாதெனின், குறும்படம் ஒவ்வொன்றும், வெளிப்படச் சொல்லாவிடினும், காண்போர்க்கு ஒரு பணியைத் தருகின்றது என்பதே. 'இக்குழந்தைக்காக இரங்குக', 'இக்கொடியவனை வெறுக்க', 'இம்முதியவர் மகன் வருவானா என்று எதிர்நோக்குக' என்று அது நம்மை ஏவுகின்றது. நாம் அப்பணியைச் செய்துகொண்டிருக்கையில் நடுவே கடந்து செல்வன எவை என்று கேட்பதே ஆராய்ச்சியின் தொடக்கம். ஒருமுறை கண்டு எழுதுவோர் இதனைக் கேட்க இயலாது. பணியினின்று விடுபட்டு மறுமுறை காண்பார்க்கே அது கைகூடும்.

காண்போரை ஆராயச் செய்யும் படம்

காண்போரின் இவ்வியல்பை அறிந்து, அதனையே தன் பொருளாகக் கொண்ட குறும்படம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமெரிக்க எழுத்தாளர் அம்புரோஸ் பியர்ஸ் 1890ஆம் ஆண்டில் எழுதிய ஆந்தை ஓடைப் பாலம் பற்றிய சிறுகதையை, பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் என்ரிக்கோ ஏறத்தாழ அரைமணி நேரக் குறும்படமாக ஆக்கினார். 1962ஆம் ஆண்டு கான் விழாவில் குறும்படத்திற்குரிய உயரிய பரிசினை அது பெற்றது. பின்னர் ஆஸ்கர் பரிசும் பெற்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். பாலத்தின்மேல் ஒருவன் கைகள் கட்டப்பட்டு, கழுத்திற் கயிறு மாட்டப்பட்டு நிற்கின்றான். பலகை தட்டப்படுகின்றது. கயிறு அறுந்து அவன் ஆற்றில் வீழ்கின்றான். கட்டுகளை அவிழ்த்து, நீந்தி, துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பி, கரையேறிக் காட்டின் வழியே ஓடித் தன் இல்லத்தை அடைகின்றான். மனைவி எதிர்வருகின்றாள். அவன் கை அவளைத் தொடும் அளவில் அவன் தலை பின்னே வெட்டி இழுபடுகின்றது. மறுகணம் பாலத்தின்கீழ் அவன் உடல் தொங்குகின்றது. தப்பியது முழுவதும் வீழ்ச்சியின் கணத்தில் அவன் உள்ளம் கண்ட காட்சியே.

இதனைக் கண்டார்க்கு முதலில் அச்சமும், இடையில் உவகையும், இறுதியில் மருட்கையும் அழுகையும் தோன்றுதல் இயல்பு. ஆயின் படத்தின் ஆற்றல் இம்மாற்றத்தோடு முடிந்துவிடவில்லை. இறுதிக் காட்சிக்குப் பின் நாம் நம் உவகையையே ஐயுறத் தொடங்குகின்றோம். அவன் நீரினின்று எழுந்தபோது இலையும் சிலந்தி வலையும் இயல்புக்கு மிஞ்சிய தெளிவோடு தோன்றியது ஏன்? கரையில் நின்ற வீரர்களின் குரலும் அசைவும் இழுபட்டு மெதுவாக ஒலித்தது ஏன்? மனைவியை நோக்கி அவன் எவ்வளவு ஓடியும் இடைவெளி குறையாதது ஏன்? குறிகள் எல்லாம் கண்முன் இருந்தன. நாம் அவற்றைக் கண்டும் கொள்ளவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்னும் விழைவு நம் கண்ணை மறைத்தது. தூக்குக் கயிற்றில் நிற்பவன் உள்ளம் அவனுக்கு எதைச் செய்ததோ, அதனையே நம் உள்ளம் நமக்குச் செய்தது. உவகையில் தொடங்கி ஐயத்தின் வழியே ஆராய்ச்சிக்கு வருதல் என்று முன்னர்க் கூறிய வழி, இப்படத்திற் போல வேறொன்றில் இத்துணைத் தெளிவாக அமைதல் அரிது.

ஒரு படமும் இருவகை வெகுளியும்

மேற்கூறிய பிழை கதைப்படத்தில் நிகழின் தீங்கு பெரிதன்று. உயிருள்ள மக்களைப் பற்றிய காணொளியில் நிகழின் அஃது அம்மக்களுக்கே இழைக்கும் அநீதி ஆகக்கூடும். 2012ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று 'கோனி 2012' என்னும் அரைமணி நேரக் காணொளியை இணையத்தில் வெளியிட்டது. உகாண்டாவில் தோன்றிய கிளர்ச்சிப்படை ஒன்றின் தலைவன் ஜோசப் கோனி. சிறுவர்களைக் கவர்ந்து படையிற் சேர்த்தமை, கொலை, கொடுஞ்செயல் ஆகியன பற்றி அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2005ஆம் ஆண்டிலேயே அவனைப் பிடிக்க ஆணை பிறப்பித்திருந்தது. அவனை உலகறியச் செய்து பிடித்தல் வேண்டும் என்பதே காணொளியின் நோக்கம். ஆறே நாளில் அது பத்துக்கோடி முறை பார்க்கப்பட்டது.

வெகுளி பிறத்தற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. அப்படையினர் செய்த கொடுமைகள் இந்நான்கனுள்ளும் அடங்கும். ஆகவே உலகோர் கொண்ட வெகுளி பொருளற்றதன்று. ஆயின் அப்படை 2006ஆம் ஆண்டளவிலேயே உகாண்டாவை விட்டு அண்டை நாடுகளின் காடுகளுக்குப் போய்விட்டது. காணொளியோ, அப்போர் அன்றும் வட உகாண்டாவில் நிகழ்வது போன்ற எண்ணத்தை உண்டாக்குகின்றது என்று அந்நாட்டார் பலர் குறை கூறினர். இயக்குநர் தம் சிறு மகனுக்குக் கொடியவன் யார் என்று படம் காட்டி விளக்கும் பகுதி காணொளியில் பெரிய இடம் பெற்றது. போரிற் பட்டவர்களின் குரல் சிறிய இடமே பெற்றது.

மார்ச்சு 13ஆம் நாள் வட உகாண்டாவில் உள்ள லிரா நகரில், அப்போரின் துன்பத்தை நேரிற் பட்ட மக்களிடையே, இக்காணொளி திறந்தவெளியில் திரையிடப்பட்டது. கூடியவர்கள் சினந்தனர், கற்கள் எறியப்பட்டன, காட்சி குலைந்தது. தமக்குக் கொடுமை செய்தவனின் பெயரையும் உருவையும் சட்டையிலும் கைவளையத்திலும் பொறித்துப் பரப்புவதை அவர்களால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. தம் கதையில் தாம் ஓரத்தே நிறுத்தப்பட்டதையும் அவர்கள் கண்டனர்.

காணொளி ஒன்றே, மெய்ப்பாட்டின் பெயரும் வெகுளி என ஒன்றே. ஆனால் ஒருசாரார் வெகுளி திரையில் உள்ள கொடியவன்மேற் சென்றது. மற்றொரு சாரார் வெகுளி திரையின்மேலேயே சென்றது. முன்னையோர்க்குக் காணொளியே அறிவின் முழுமையாக இருந்தது. பின்னையோர்க்கு அதனை அளந்து பார்க்கத் தம் வாழ்க்கை என்னும் அளவுகோல் கையில் இருந்தது. முன்னையோர் வெகுளியோடு விரைவு என்னும் மெய்ப்பாடு கூடி நின்றது. விரைவைப் பொச்சாப்பு தொடர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இரவு நகரெங்கும் சுவரொட்டி ஒட்டுமாறு காணொளி அழைத்திருந்தது. அந்நாள் வந்தபோது பல நகரங்களில் வந்தவர் மிகச் சிலரே. ஆறு நாளில் பத்துக்கோடி முறை கண்ட உலகம் ஆறு வாரத்தில் மறந்துவிட்டது.

ஆறு குறிகள்

இவ்விரைவிற்கு இணையத்தின் அமைப்பும் துணை செய்கின்றது. 2016ஆம் ஆண்டு பிப்பிரவரியில் பேஸ்புக் நிறுவனம் தன் தளத்தில் காண்போர் உணர்வைக் காட்ட ஆறு குறிகளை வகுத்தது. விருப்பம், அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் என்பன அவை. தொல்காப்பியர் எட்டோடு வைத்து நோக்கின், நகை, மருட்கை, அழுகை, வெகுளி ஆகிய நான்கும் நேரே வந்துள்ளன. விருப்பத்தையும் அன்பையும் உவகையின்பாற் படுத்தலாம். அச்சமும் இளிவரலும் பெருமிதமும் விடுபட்டன. பின்னர் 2020ஆம் ஆண்டில் பரிவுக்கு ஒரு குறி சேர்க்கப்பட்டது. ஐயத்திற்கும் ஆராய்ச்சிக்கும் குறியில்லை. ஒரு குறும்படத்தைக் கண்டு, ஒன்றும் சொல்ல இயலாது, அன்றிரவு முழுவதும் அதனை நினைந்திருந்தவர் அக்கணக்கில் இல்லாதவரே ஆவர்.

இன்னும் ஒன்று. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள்ளேடுகளால் ஒரு செய்தி தெரியவந்தது. எப்பதிவை யார்க்கு முன்னே காட்டுவது என்று முடிவு செய்யும் கணிப்பில், 2017ஆம் ஆண்டு முதல், சினம் முதலிய குறிகளுக்கு விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டிருந்தது. பின்னர்ப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் சினக்குறியின் மதிப்பு சுழியாக்கப்பட்டது. எனவே அவ்விடைக்காலத்தில் காண்போர் வெகுளி, மேலும் பலர்முன் அப்பொருளைக் கொண்டுசென்று வெகுளியைப் பெருக்கும் கருவியாகவும் இருந்தது. இந்நிலையில், குறிகளையும் பின்னூட்டங்களையும் எண்ணி 'இப்படத்தை மக்கள் இவ்வாறு உணர்ந்தனர்' என்று முடிவு கூறும் ஆய்வாளர், தாம் எண்ணுவது மக்கள் உள்ளத்தையா, அல்லது குறி வகுத்தோரின் கணிப்பையா என்று முதற்கண் தெளிதல் வேண்டும்.

படத்திற்கு வெளியே உள்ளவை

காண்போர் மறுமுறை கூர்ந்து நோக்கினும் படத்தினுள்ளே கிட்டாதன சில உண்டு. அலேன் ரெனே 1955ஆம் ஆண்டில் உருவாக்கிய 'இரவும் மூடுபனியும்' என்னும் முப்பத்திரண்டு நிமிடப் படம் இதற்குச் சான்று. நாசிகளின் வதைமுகாம்கள் பற்றியது அது. புல் முளைத்து ஆளற்றுக் கிடக்கும் முகாம்களை வண்ணத்திலும், பழைய கொடுமைகளைக் கருப்பு வெள்ளையிலும் மாறிமாறிக் காட்டுகின்றது. விளக்கவுரை எழுதிய ழான் கேய்ரோல் அத்தகைய முகாமில் அடைபட்டு உயிர்மீண்டவர். அவர் உரை ஓங்கி ஒலிப்பதில்லை. குரல் தாழ்ந்து, காண்போரைக் கேள்வி கேட்டு முடிகின்றது. இக்கொடுமை ஒரு நாட்டில் ஒரு காலத்தில் நிகழ்ந்து முடிந்தது என்று எண்ணி அமைதி கொள்வோரைப் பற்றியது அவ்விறுதிப் பகுதி. அழுகையில் நிறுத்தாது ஆராய்ச்சிக்குச் செலுத்தும் படத்திற்கு இஃது உயர்ந்த எடுத்துக்காட்டு.

ஆயினும் இப்படத்தின் ஒரு நிழற்படத்தில், பிரான்சில் இருந்த பித்திவியே முகாமைக் காவல் செய்யும் ஒருவன் அணிந்த தொப்பி, அவன் பிரெஞ்சுக் காவலன் என்பதைக் காட்டிக்கொடுத்தது. பிரெஞ்சுத் தணிக்கையாளர் அதனை நீக்கச் சொன்னார்கள். தொப்பி மறையுமாறு அப்படத்தின்மேல் ஒரு கருமை தீட்டப்பட்டது. பல்லாண்டுகள் கழித்தே அது பழைய நிலைக்கு மீட்கப்பட்டது. மேற்கு செருமானியத் தூதரகத்தின் எதிர்ப்பால், 1956ஆம் ஆண்டுக் கான் விழாவின் போட்டியினின்று அப்படம் நீக்கப்பட்டது. மேலும், கொல்லப்பட்டோருள் பெருந்தொகையினராகிய யூதரைப் பற்றிய சொல் விளக்கவுரையில் ஓரிடத்தன்றி வாராமையைப் பிற்காலத் திறனாய்வாளர் சுட்டிக் காட்டியுள்ளனர்.

அன்று அரங்கில் இருந்து கண்ணீர் விட்டவர், எவ்வளவு கூர்மையான கண்ணுடையவராயினும், மறைக்கப்பட்ட அத்தொப்பியைக் கண்டிருக்க இயலாது. சிறந்த படத்திற்கும் மறைப்பு உண்டு. அம்மறைப்பை வரலாற்று அறிவே நீக்கும். ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தைப் பிற சுவடிகளோடு ஒப்பிட்டு நிரப்பும் பதிப்பாசிரியர் பணியும் இதுவும் ஒன்றே. பாடவேறுபாடு நோக்காது செய்யுளுக்குப் பொருள் கூறுதல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே ஒரு படம் எவரால், எவர் பொருளால், எவர்க்காக, எதனை நீக்கி ஆக்கப்பட்டது என்று வினவாது அதனை மதிப்பிடுதலும் தகாது.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாறெல்லாம் ஆராயின் உணர்ச்சி வறண்டுவிடாதா, கலையை நுகர்வோர்க்குத் தருக்கம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். மலரைப் பிரித்து இதழ் எண்ணுவார்க்கு மணம் கிட்டாது என்பர். இவ்வச்சம் தேவையற்றது. ஆந்தை ஓடைப் பாலத்தின் முடிவை அறிந்தபின் அப்படத்தை மீண்டும் காண்பார்க்கு, அவன் ஓட்டம் முன்னினும் மிகுந்த துயரம் தருகின்றது. முதன்முறை உவகை தந்த அதே இலையும் அதே சிலந்தி வலையும் இரண்டாம் முறை அழுகை தருகின்றன. தொப்பி மறைக்கப்பட்ட வரலாறு அறிந்தார்க்கு ரெனேயின் இறுதிக் கேள்வி இன்னும் கூர்மையாகத் தைக்கின்றது. ஆராய்ச்சி உணர்ச்சியை நீக்குவதில்லை. அதனை உரிய பொருளின்மேல் நிறுத்துகின்றது. லிரா நகரத்தார் கொண்டது வறண்ட அறிவன்று. அறிவோடு கூடிய வெகுளி.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், குறும்படமோ காணொளியோ கண்டவுடன் எழும் அசைவு மெய்ப்பாட்டின் தொடக்கமே அன்றி முடிவன்று என்பது போதரும். நாம் கூட்டியது எது, காணாது விட்டது எது, படம் நமக்கு இட்ட பணி யாது, படத்திற்கு வெளியே நின்று அதனை அளக்கவல்லார் யார் என்னும் வினாக்கள் அத்தொடக்கத்தைத் தொடர்தல் வேண்டும். வகுப்பறையில் ஒரு குறும்படத்தைக் காட்டும் ஆசிரியர், மாணாக்கரை நோக்கி 'எவ்வாறு உணர்ந்தீர்' என்று கேட்டு நின்றுவிடாது, 'எதனைக் கண்டு அவ்வாறு உணர்ந்தீர்' என்று கேட்டு, படத்தை மீண்டும் ஒருமுறை காட்டுவாராயின், அதுவே தக்க பயிற்சியாகும். மேலும் சில நிமிடங்களே அதற்கு ஆகும். குறும்படத்தின் குறுமை இவ்வகையிலும் நமக்கு உதவுவது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாட்டு மக்கள் வழங்குவர். மெய்ப்பாட்டியலை முடிக்கும் தொல்காப்பியர் கண்ணையும் செவியையும் இவ்வாறு தள்ளிவிடவில்லை. கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரும் உணர்வுடையார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும், ஏனையோர்க்கு அஃது எண்ணுதற்கும் அரிது என்பது அவ்விறுதி நூற்பாவின் கருத்து. காட்சியும் ஒலியும் ஒருங்கே வந்து மோதும் இக்காலத்தில் அதனினும் பொருந்திய அறிவுரை வேறில்லை. கண் நமக்கு உண்டு, செவி நமக்கு உண்டு, கைப்பேசியும் உண்டு. திண்மை ஒன்றே நாம் தேடிக்கொள்ள வேண்டுவது.